பூட்டிக்கொண்ட ஐபேட்: காசு கட்டிய மென்பொருளும் காசில்லாத செயலியும்

பெருந்துறை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கும் கடை எங்களுடையது. பட்டா எடுக்கவோ வருமானச் சான்றுக்கோ வருகிறவர்கள், வேலை முடிந்து கிளம்பும்போது பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து, "ஏனுங்க, இது பூட்டிக்கிச்சு. கம்ப்யூட்டர்ல போட்டுத் திறந்து தர முடியுங்களா?" என்று கேட்பது இப்போது அடிக்கடி நடக்கிறது. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்க என்று அனுப்பிவிடுவேன். எங்கள் அப்பாவின் ஐபேடே பூட்டிக்கொண்ட பிறகு அப்படிச் சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் போனது.

அந்த வேலையில் இரண்டு மென்பொருள்களைப் பயன்படுத்திப் பார்த்தேன். ஒன்று, 'ஐபேட் லாக்' என்று தேடினாலே விளம்பரத்தோடு வந்து நிற்கும் கட்டண 'அன்லாக்' மென்பொருள்களில் ஒன்று, பெயர் வேண்டாம். இன்னொன்று ஆப்பிளே விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு இலவசமாகத் தரும் 'ஆப்பிள் டிவைசஸ்' செயலி. இரண்டும் செய்வது ஒரே வேலை. ஆப்பிளின் செயலி அதை அழிப்பது என்று சொல்கிறது, கட்டண மென்பொருள் திறப்பது என்று சொல்லிக் காசு வாங்குகிறது. என் மதிப்புரையின் சாரம் அவ்வளவுதான். ஆனால் இரண்டாலும் ஆகாத ஒரு வேலை கடைசியில் இருக்கிறது. பலரும் மாட்டுவது அங்கேதான், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அப்பா சென்னிமலையில் இருக்கிறார். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். டல்லாஸில் இருக்கும் அண்ணன், தான் வைத்திருந்த ஐபேடை ஊருக்கு வந்தபோது அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். 2018-இல் வந்த ஆறாம் தலைமுறை, 9.7 அங்குலத் திரை, கீழே வட்டப் பொத்தான் உள்ள மாடல். அப்பா அதில் பேப்பர் படிப்பார், பட்டிமன்றம் பார்ப்பார், ஈரோட்டு மஞ்சள் விலை பார்ப்பார். எங்களுக்கு மஞ்சள் காடு ஒரு சென்ட் கூடக் கிடையாது, இருந்தாலும் தினமும் விலை பார்த்தாக வேண்டும்.

இதெல்லாம் போனால் போகட்டும். விஷயம் அதிலுள்ள நோட்ஸ் செயலி. எங்கள் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எல்லா விசேஷத்துக்கும் வந்த மொய்யைப் பழைய நோட்டிலிருந்து பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால் தட்டி அதில் ஏற்றியிருந்தார். ஏற்றி முடித்த கையோடு பழைய நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் மொய்க் கணக்கு தொலைந்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று தெரியாமல் ஒரு கல்யாணத்துக்குப் போய் நிற்க முடியுமா?

பள்ளி விடுமுறைக்குப் போன என் மகன் எந்நேரமும் அதில் விளையாடிக்கொண்டிருந்ததால் அப்பா பாஸ்கோடை மாற்றினார். பேரன் கண்ணில் படக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கொஞ்ச நாளில் அவருக்கே மறந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். தப்பாகப் போடப்போட ஐபேட் முதலில் ஒரு நிமிடம் பொறு என்னும், அப்புறம் ஐந்து, பதினைந்து என்று ஏறிக்கொண்டே போகும். அப்பாவும் விடாமல் காப்பி குடித்துவிட்டு வந்து வந்து அடுத்த எண்ணைப் போட்டிருக்கிறார். பத்துத் தப்பு ஆனதும் 'ஐபேட் இஸ் டிசேபிள்டு, கனெக்ட் டு ஐட்யூன்ஸ்' என்று நின்றுவிட்டது. "கண்ணு, அதென்னமோ ஐட்டூன்சுங்குதாம், உன்ற கடைல இருக்குதா?" என்று போன் வந்தது.

இந்த இடத்தில் புதிய ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபேடை இயக்கும் மென்பொருளான ஐபேட்ஓஎஸ்ஸின் 15.2 பதிப்பு முதல், பூட்டுத் திரையிலேயே ஐபேடை அழித்துவிட்டு மறுபடி அமைக்கும் வழி வந்துவிட்டது. ஐபேட் நெட்டில் இணைந்திருந்து, ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டும் தெரிந்தால் கம்ப்யூட்டரே வேண்டாம். 17-ஆம் பதிப்பில் இன்னும் நல்ல வசதி ஒன்று: பாஸ்கோடை மாற்றி 72 மணி நேரத்துக்குள் என்றால், பழைய பாஸ்கோடை வைத்தே புதிதாக ஒன்று அமைத்துக்கொள்ளலாம், எதுவும் அழியாது. அப்பாவுக்கு நேர்ந்ததற்கு அளவெடுத்துத் தைத்த வசதி. ஆனால் அண்ணன் கொடுத்த நாளிலிருந்து அந்த ஐபேடை யாரும் அப்டேட் செய்யவில்லை. அது இன்னும் 12-ஆம் பதிப்பிலேயே நின்றுகொண்டிருந்தது.

சரி, கட்டண மென்பொருளுக்கு வருவோம். நான் கேட்பதற்கு முன்பே அண்ணன் அங்கிருந்து காசு கட்டி உரிம எண்ணை அனுப்பிவிட்டார். நம்மூர்க் காசுக்கு மூவாயிரத்தை ஒட்டி வரும். 'பாஸ்கோடு இல்லாமலே திறக்கலாம், ஐந்தே நிமிடம்' என்று அதன் முகப்பில் போட்டிருந்தது. நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும்: பார்க்க அழகாக இருக்கிறது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று மாடல்வாரியாகப் படம் போட்டுக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் பழக்கம் அதிகம் இல்லாதவர்கள் கூடப் படத்தைப் பார்த்துச் செய்துவிடலாம். அந்த ஒரு விஷயத்தில் ஆப்பிளின் செயலி இதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் இரண்டாவது திரையிலேயே சின்ன எழுத்தில் ஒரு வரி: இதைச் செய்தால் உங்கள் தரவு முழுவதும் அழிந்துவிடும். முகப்பில் கொட்டை எழுத்தில் இருந்த 'திறக்கலாம்' இங்கே 'அழிக்கலாம்' ஆகிவிட்டது. அடுத்த திரையில் ஃபர்ம்வேர், அதாவது ஐபேடை இயக்கும் மென்பொருளை, இறக்கச் சொன்னது. எங்கிருந்து இறக்குகிறது என்று பார்த்தால் ஆப்பிளின் சர்வரிலிருந்துதான். ஐபிஎஸ்டபிள்யூ என்று முடியும் அதே கோப்பு, ஆப்பிள் எல்லோருக்கும் சும்மா கொடுப்பது. பல ஜிபி உள்ள கோப்பு. பாதி இறங்கும்போது நெட் ஒரு நொடி தடுக்கினால் இந்த மென்பொருள் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒருவழியாக இறங்கி முடிந்து, 'அன்லாக்' என்று அழுத்தி, பாதிக்கு மேல் போன பிறகு ஏதோ பிழை என்று நின்றது. என்ன பிழை என்று சொல்லவில்லை. உதவிக்கு எழுதினால் 'வேறு கம்ப்யூட்டரில் முயன்று பாருங்கள்' என்று தானாக ஒரு பதில் வந்தது.

இடையில் ஈரோட்டில் ஒரு கடைக்கும் போன் போட்டுக் கேட்டேன். லாக் எடுக்க ஒரு ரேட், "டேட்டாவோட வேணும்னா அது தனி ரேட்டுங்க" என்றார்கள். இந்தத் தனி ரேட்டை நம்பாதீர்கள். ஐபேடில் உள்ளவை எல்லாம் சங்கேதமாக்கித்தான் சேமிக்கப்படுகின்றன. அதைத் திரும்பப் படிப்பதற்கான சாவி, நம் பாஸ்கோடையும் அந்தச் சிப்புக்குள் பதிந்திருக்கும் தனி எண்ணையும் சேர்த்து உருவாவது. பாஸ்கோடு தெரியாவிட்டால், சிப்பைக் கழற்றி வேறொன்றில் போட்டாலும் பயனில்லை. சென்னிமலைப் போர்வையைப் பிரித்து நூலாகக் கையில் கொடுத்தால் என்ன டிசைன் இருந்தது என்று சொல்ல முடியுமா? அதே கதைதான். பாஸ்கோடு கேட்காமல் தரவோடு திறந்து தருகிறேன் என்று தெருக்கடையில் ஒருவர் சொன்னால், ஐபேடை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பிறகு அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஆப்பிள் டிவைசஸ் செயலியை இறக்கினேன். பாட்டு, படம், ஐபேட் இணைப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்த ஆப்பிளின் பழைய செயலியை வைத்து ஐட்யூன்ஸ் என்று எல்லோரும் இன்னும் சொல்கிறோம். விண்டோஸில் அதன் வேலைகளைப் பிரித்து ஆப்பிள் மியூசிக், ஆப்பிள் டிவி, ஆப்பிள் டிவைசஸ் என்று தனித்தனிச் செயலிகளாக்கிவிட்டார்கள். பழைய ஐட்யூன்ஸ் இருந்தால் அதிலும் இதைச் செய்யலாம். மேக் கம்ப்யூட்டர் என்றால் 2019-இல் வந்த கேட்டலினா என்ற பதிப்பிலிருந்து எதையும் இறக்க வேண்டியதில்லை, கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரிலேயே ஐபேட் தெரியும்.

செயலியைத் திறந்தால் வெறுமையாக ஒரு பெட்டி. ஐபேடைச் செருகினாலும் ஒன்றும் நடக்காது. காரணம் இருக்கிறது. 2018-லிருந்து, பூட்டி ஒரு மணி நேரம் ஆன ஐபேட் கம்ப்யூட்டரோடு கேபிள் வழியாகப் பேசாது, சார்ஜ் மட்டும் ஏறும். அதனால், கம்ப்யூட்டரிலிருந்து மென்பொருளை மறுபடி ஏற்றுவதற்கென்றே உள்ள ரெக்கவரி மோடுக்குக் கொண்டுபோக வேண்டும். ஐபேடைக் கேபிளிலிருந்து கழற்றி முழுதாக அணைத்துவிடுங்கள். கேபிளின் ஒரு முனை கம்ப்யூட்டரில் இருக்கட்டும். கீழேயுள்ள வட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மறுமுனையை ஐபேடில் செருக வேண்டும். ஆப்பிள் படம் வந்ததும் கையை எடுத்துவிடாதீர்கள். கேபிளும் கம்ப்யூட்டரும் வரைந்த படம் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். வட்டப் பொத்தான் இல்லாத மாடல்களில் இதே வேலையை மேலேயுள்ள பொத்தானை வைத்துச் செய்வது.

இப்போது கம்ப்யூட்டரில் ஒரு கேள்வி வரும்: அப்டேட்டா, ரீஸ்டோரா? பலர் அப்டேட்டை அழுத்தினால் தரவு தப்பிக்கும் என்று நினைத்து அதைத் தொடுகிறார்கள். தரவு இருக்கும்தான், கூடவே அந்தப் பாஸ்கோடும் அப்படியே இருக்கும். பழைய இடத்துக்கே திரும்பி வருவீர்கள். பாஸ்கோடு மறந்தவர்களுக்கு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றும் ரீஸ்டோர் ஒன்றுதான் வழி.

அழுத்தியதும் ஃபர்ம்வேர் இறங்கத் தொடங்கும். இது 15 நிமிடத்தைத் தாண்டினால் ஐபேட் தானாக ரெக்கவரி மோடிலிருந்து வெளியே வந்துவிடும். திரை மாறியதைப் பார்த்துப் பயந்து கேபிளைப் பிடுங்காதீர்கள். கோப்பு முழுதாக இறங்கட்டும். இறங்கிய பிறகு பொத்தானைப் பிடித்துச் செருகுவதை மறுபடி ஒருமுறை செய்தால் போதும். இதையெல்லாம் செயலி நமக்குச் சொல்வதில்லை. ஆப்பிளின் உதவிப் பக்கத்தில் தேடிப் படித்தால்தான் தெரியும். இலவசம் என்பதற்காக இந்தக் குறையை மன்னிக்க எனக்கு மனமில்லை. படம் போட்டுக் காட்டுவதற்கு அவர்களிடம் ஆளா இல்லை?

எனக்கு 4013 என்று ஒரு பிழையும் வந்தது. நடுவில் தொடர்பு அறுந்தால் வருவது அது. கம்ப்யூட்டரின் முன்பக்கம் உள்ள யூஎஸ்பியை விட்டுவிட்டுப் பின்பக்கம் போர்டில் நேரடியாக இருக்கும் யூஎஸ்பியில் மாற்றிச் செருகினேன், கேபிளையும் மாற்றினேன், போய்விட்டது. கேபிள் விஷயத்தில் சிக்கனம் ஆகாது. சந்தைக்கடையில் கிடைக்கும் பல கேபிள்களில் சார்ஜுக்கான கம்பி மட்டும்தான் உள்ளே இருக்கும், தரவுக்கான கம்பியே இருக்காது. அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு 'கம்ப்யூட்டர் காட்டவே மாட்டேங்குது' என்று அரை நாள் திண்டாடுகிறவர்களை எங்கள் கடையிலேயே பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருப்பதும் நல்லது.

ரீஸ்டோர் முடிந்து 'ஹலோ' என்று திரை வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் நான் மேலே சொன்ன அந்தக் கடைசி வேலை இங்கேதான் தொடங்குகிறது. வைஃபையில் இணைத்ததும், இந்த ஐபேட் ஒருவருடைய ஆப்பிள் கணக்கோடு இணைந்தது, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைப் போடு என்றது. ஆக்டிவேஷன் லாக் என்பார்கள். 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்தது. தொலைந்த கருவியைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதி இயக்கத்தில் உள்ள கருவியை யார் எப்படி அழித்தாலும், உரிமையாளரின் பாஸ்வேர்டு இல்லாமல் அது மறுபடி உயிர் பெறாது. திருடிக்கொண்டு போனவனுக்குப் பயன்படக் கூடாது என்று வைத்தது. கட்டண மென்பொருளாகட்டும், ஆப்பிளின் செயலியாகட்டும், ரீஸ்டோர் செய்வதால் இதை நீக்க முடியாது.

கணக்கு அண்ணனுடையது. பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். ஆனால் அதோடு கேட்கும் ஆறு இலக்கக் குறியீடு அவருடைய போனுக்குத்தான் போகும். நமக்குப் பகல் என்றால் அங்கே நடுராத்திரி. அண்ணி போனை எடுத்து, தூக்கக் கலக்கத்தில் ஆறு இலக்கத்தில் ஐந்தை மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் உள்ள பெற்றோருக்கு ஐபேட் கொடுத்தால், தயவுசெய்து பெற்றோர் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, குறியீடு அவர்களுடைய இந்திய எண்ணுக்கு வருகிற மாதிரி செய்துவிட்டுப் போங்கள். கணக்கு யாருடையது என்றே தெரியாத பழைய ஐபேட் என்றால், வாங்கிய அசல் பில்லைக் காட்டி ஆப்பிளிடம் கேட்கலாம். பில்லும் இல்லையென்றால் அதை வாங்காமலிருப்பதுதான் வழி. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்து, பூட்டை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் செய்வதில்லை.

என்னவெல்லாம் திரும்பி வந்தது? மொய்க் கணக்கு வந்துவிட்டது, முழுதாக. நோட்ஸ் செயலியில் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுட் இயக்கத்தில் இருந்ததால், எழுதியதெல்லாம் அவ்வப்போது மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. வெறும் எழுத்துதானே, இடம் பிடிக்காது. படங்கள் வரவில்லை. ஐகிளவுடில் சும்மா கிடைப்பது 5 ஜிபிதான். அதில் அண்ணனின் போனே ஏறக்குறைய முழு இடத்தையும் அடைத்துக்கொண்டதால் ஐபேடின் பேக்கப் எப்போதோ நின்றுவிட்டது. பேக்கப் எடுப்பது நின்று 180 நாள் தாண்டினால் பழையதையும் ஆப்பிள் அழித்துவிடும். மலைக்கோயில் தேர், பேரன் மொட்டை அடித்தது என்று அப்பா எடுத்த படங்கள் எல்லாம் போயின. "போனாப் போகுது உடு கண்ணு, மொய் வந்துருச்சல்ல" என்றார். எனக்குத்தான் அந்த மொட்டைப் படம் போனதில் வருத்தம்.

அப்பாவுக்கு வேறொரு வருத்தம். ரீஸ்டோர் செய்யும்போது ஆப்பிள் அந்த மாடலுக்குக் கடைசியாக எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் ஏற்ற முடியும், பழைய பதிப்புக்குப் போக முடியாது. 2018 ஐபேடுக்கு 17-தான் கடைசிப் பதிப்பு. 12-இல் இருந்தது ஒரே தாவில் 17-க்கு வந்ததும் முகப்பே மாறிவிட்டது, கொஞ்சம் மெதுவாகவும் ஆகிவிட்டது. பேப்பர் செயலி எங்கே போனது என்று தினமும் போன் வருகிறது.

ஆண்ட்ராய்டு டேப் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சுருக்கமாக. அங்கே அழிப்பதற்குப் பெரும்பாலும் கம்ப்யூட்டரே வேண்டாம், பொத்தான்களை அழுத்தி ரெக்கவரிக்குப் போய்விடலாம். சாம்சங்கில் மட்டும் ஒரு வேடிக்கை: ஆண்ட்ராய்டு 11 முதல் அதன் பல கருவிகள் யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தால்தான் ரெக்கவரிக்குள் விடும். கம்ப்யூட்டர் எதுவும் செய்ய வேண்டாம், எந்த மென்பொருளும் வேண்டாம், பக்கத்தில் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் போதும். கேபிளைச் செருகி, பவர் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்துப் பிடிப்பது. இதற்கும் காசு வாங்கும் மென்பொருள்கள் உண்டு! அழித்த பிறகு அங்கேயும் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும், 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்தே அப்படித்தான். ஜிமெயில் பாஸ்வேர்டு தெரியாமல் டேப்பை அழிக்க உட்காராதீர்கள்.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு: ஆப்பிள் டிவைசஸுக்கு ஐந்தில் மூன்றரை. வேலை முடிந்தது, காசு போகவில்லை, ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாத செயலி. அந்தக் கட்டண மென்பொருளுக்கு ஒன்று, அதுவும் படங்களுக்காக. அண்ணன் அதற்குக் கட்டியது ஒருமுறைக் கட்டணம் இல்லை, மாதாமாதம் கார்டில் எடுத்துக்கொள்ளும் சந்தா என்பது ரசீதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ரத்து செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.